கரையிறங்கும் நாளில் கப்பலின் சுற்றுலாவா, தனி வண்டியா?

கேள்வி: திருப்பூர் வாசகி, 3 மார்ச் 2025

வருகிற ஜூன் மாதம் என் தம்பி, அப்பாவையும் அம்மாவையும் மயாமியிலிருந்து கிளம்பும் ஏழு இரவுக் கரீபியன் கப்பலில் அழைத்துப் போகிறான். அப்பாவுக்கு 68 வயது. அம்மாவுக்கு 63; முழங்கால் வலி உண்டு. மெக்சிகோவின் கோசுமெல் தீவு, கிராண்ட் கேமன் தீவு, ஜமைக்காவின் ஃபால்மவுத் என மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவுக்கு, வெளியாட்கள் கேட்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை போட்டிருக்கிறார்கள். தம்பியின் நண்பர்கள் எல்லாரும் வெளியில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அப்பாவோ, "கப்பல் நம்மளை உட்டுட்டுப் போயிருச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

4 மார்ச் 2025, காலை. பெருந்துறையிலிருந்து

அம்மணி, உங்கள் அப்பாவின் கேள்வியை வைத்தே முடிவு செய்யுங்கள். விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். 2022 டிசம்பரில், ஹூஸ்டனில் இருக்கும் மகள் குடும்பத்தோடும் சம்பந்தி வீட்டாரோடும் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறி, ஹோண்டுராஸின் ரோவட்டான் தீவு, மெக்சிகோவின் கோஸ்டா மாயா, கோசுமெல் பார்த்தோம். 2024 பிப்ரவரியில் மயாமியில் ஏறி, நீங்கள் சொல்லும் அதே மூன்று இடங்களுக்குப் போனோம். ஆறு முறை கரையிறங்கியதில் இரண்டு முறை கப்பலின் சுற்றுலாவில் போனோம், நான்கு முறை நாங்களே ஏற்பாடு செய்துகொண்டோம்.

பயணம் முழுவதற்கும் ஒரே முடிவை எடுக்காதீர்கள். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக, போகும் இடம் எவ்வளவு தொலைவு, திரும்பி வரும் வழியில் குறுக்கே நிற்கக்கூடியது என்ன என்று பாருங்கள். துறையிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் இடத்துக்கு டாக்ஸி பிடித்துப் போய்வர யாருடைய பொறுப்பும் தேவையில்லை; அந்த வண்டி நின்றுபோனால் அடுத்த வண்டி கிடைக்கும். நடுவில் கடலைக் கடக்க வேண்டியிருந்தாலோ, ஒரே சாலையை நம்பி இரண்டு மணி நேரம் போக வேண்டியிருந்தாலோ, கப்பலின் சுற்றுலாவிலேயே போங்கள்.

அவர்கள் வாங்கும் கூடுதல் பணம் நன்றாகச் சுற்றிக் காட்டுவதற்கு என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியும் வழிகாட்டியும் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனத்தாருடையவை. அதே நிறுவனத்தார் வெளியிலும் ஆள் ஏற்றுவார்கள். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது, தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்ற உறுதிதான். காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைக்குத் தங்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போனவருக்கு இந்த இரண்டும் கிடையாது. குறித்த நேரத்துக்குக் கப்பல் கிளம்பிவிடும்.

கோசுமெலில் முதல் முறை நாங்கள் டாக்ஸியில்தான் சுற்றினோம். எந்த இடத்துக்கு எவ்வளவு என்று துறையின் வாசலிலேயே கட்டணப் பலகை வைத்திருக்கிறார்கள். பேரம் பேச வேண்டியதில்லை. தீவின் நடுவே, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மாயா மக்களின் சான் கெர்வாசியோ என்ற பழைய ஊர் சிதைந்து கிடக்கிறது. இஷ்செல் என்னும் பெண் தெய்வத்தை வேண்டிப் பிள்ளை வரத்துக்காக மாயா பெண்கள் கடல் கடந்து வந்த இடம் அது. அதைக் கேட்டதும் சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கல்மேடைக்கு முன்னால் கைகூப்பி நின்றார். பின்னால் நாற்பது பேர் அடுத்த இடத்துக்குப் போகக் காத்திருந்தால் அப்படி நின்றிருக்க முடியாது. ஓட்டுநர் மரநிழலில் உட்கார்ந்திருந்தார். எங்களை ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை.

4 மார்ச் 2025, இரவு

காலையில் எழுதியதில் கேமனை விட்டுவிட்டேன். அங்கே பெரிய கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்பதற்கு மேடை கிடையாது. ஜார்ஜ் டவுனுக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்று சொல்லும் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். கப்பலின் சுற்றுலாவில் போகிறவர்களைத்தான் முதலில் இறக்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் வெளியில் பதிவு செய்திருந்த சுற்றுலாப் படகுக்காரர் கரைக்கு வரச் சொன்ன நேரம் ஒன்பதரை. நாங்கள் தரையில் கால் வைத்தபோது ஒன்பது நாற்பத்தைந்து. அவருடைய பட்டியலில் எங்கள் கப்பலிலிருந்தே இன்னும் மூன்று குடும்பங்கள் இருந்ததால் காத்திருந்தார். நாங்கள் மட்டும் என்றால் போயிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே கேமனில் வெளியில் பதிவு செய்தால், கப்பல் நங்கூரம் போடும் நேரத்துக்கும் சுற்றுலா தொடங்கும் நேரத்துக்கும் இடையில் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். திரும்பும்போதும் கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்க்காமல், கரையிலிருந்து கடைசி டெண்டர் எப்போது என்பதைப் பாருங்கள்.

7 மார்ச் 2025

சென்னிமலைத் தம்பி, ஆறு முறை கப்பலேறியும் ஒரு தடவைகூடக் கப்பல்காரரின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டவில்லை, அது பகல்கொள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு முப்பத்தைந்து வயது என்றும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டதாகவும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஓடவேண்டி வந்தால் ஓடுவீர்கள். விட்டுவிட்டால் விமானம் பிடிப்பீர்கள். இந்த அம்மணியின் அப்பாவையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

2024 பிப்ரவரியில் கோசுமெலிலிருந்து, மாயா மக்கள் கட்டிய பெரிய பிரமிடு இருக்கும் சிச்சென் இட்சாவுக்குப் போனோம். அது தீவில் இல்லை. முதலில் முக்கால் மணி நேரம் படகில் கடலைக் கடந்து பிளாயா தெல் கார்மென் போக வேண்டும். அங்கிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம். திரும்பவும் அதே தொலைவு. கப்பலின் சுற்றுலாவாகவே எடுத்திருந்தோம், இரண்டு பேருந்து ஆட்கள். பிரமிடின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சியில் ஒன்று, ஆக 365. ஆண்டின் நாட்கணக்கைக் கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே ஏற இப்போது அனுமதி இல்லை. கீழே நின்று வழிகாட்டி கைதட்டினால், படிகளில் பட்டு வரும் எதிரொலி ஒரு பறவை கூவுவதைப் போலக் கேட்கிறது. எங்கள் வீட்டுக்காரர் நாலைந்து முறை தட்டிப் பார்த்தார்.

திரும்பும்போது காற்று பிடித்துக்கொண்டது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்றை அங்கே நோர்தே என்கிறார்கள். பலமாக அடித்தால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள். அன்று மூடவில்லை, ஆனால் படகு மெதுவாகத்தான் வந்தது. கப்பலில் ஏறவேண்டிய கடைசி நேரம் ஐந்தரை. நாங்கள் துறைக்கு வந்தபோது ஆறு பத்து. மேல்தளத்தில் ஆட்கள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வெள்ளைச் சட்டைப் பணியாளர் ஒருவர் பட்டியலில் பெயர்பெயராக அடித்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் கண்ணாடிக் காகித உறையில் இரண்டு பாஸ்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு நின்றார். யாருடையவை என்று மகள் கேட்டதற்கு, தனியாகப் போனவர்கள், இன்னும் வரவில்லை, துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றார். எங்கள் கூட்டம் ஏறி முடிந்ததும் நடைபாலத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் எங்களுக்காக நின்ற கப்பல், அந்த இருவருக்காக நிற்கவில்லை.

தம்பி, நான் கொடுத்த பணம் அந்த நாற்பது நிமிடத்துக்கானது. அதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அம்மணி, சிச்சென் இட்சாவை உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லமாட்டேன். அங்கே நின்றது இரண்டு மணி நேரம், வழியில் உட்கார்ந்திருந்தது ஆறரை மணி நேரம். முழங்கால் வலி உள்ளவருக்கு அது கடினம்.

8 மார்ச் 2025

கடிகாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோசுமெலின் நேரம் கப்பல் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கப்பலில் எட்டு என்றால் தீவில் ஒன்பது. வெளி வழிகாட்டி "ஒன்பதுக்கு வாங்க" என்றால் அது அவருடைய ஒன்பது என்பதை மறந்துவிடாதீர்கள். 2022இல் இதைக் கவனித்திருந்ததால்தான் தப்பினோம். திரும்பி வருவதில் கவலை இல்லை; உள்ளூர் நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவீர்கள்.

11 மார்ச் 2025. திருத்தம், அவசியம் படிக்கவும்

மேலே 8ஆம் தேதி நான் எழுதியது உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது. அப்படியே நம்பிப் போனால் கப்பலை விட்டுவிடுவீர்கள். சென்னிமலைத் தம்பிதான் பிடித்துக் கொடுத்தார். மகளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியிலிருந்து ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது; கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்காவில் மாற்றுகிறார்கள். நாங்கள் முதலில் போனது டிசம்பரில், கால்வெஸ்டனிலிருந்து. டெக்சாஸ் அப்போது ஒரு மணி நேரம் பின்னால் இருந்ததால் தீவின் நேரம் எங்களுக்கு முன்னால் தெரிந்தது. இரண்டாம் முறை பிப்ரவரியில் மயாமியிலிருந்து போனபோது இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் நான் எதையும் கவனிக்கவில்லை. நீங்கள் போவது ஜூனில், மயாமியிலிருந்து. அப்போது மயாமி கோடை நேரத்தில் இருக்கும். கோசுமெல் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கேமனும் ஜமைக்காவும் கடிகாரத்தை மாற்றாதவை. கோசுமெலின் அதே நேரம்தான். ஆக உங்கள் மூன்று இடங்களிலுமே ஊர் நேரம் மயாமி நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது.

இதன் பொருள் என்னவென்றால், கப்பலில் நான்கு மணிக்குள் ஏறிவிட வேண்டும் என்றால், கடற்கரைக் கடையின் சுவர்க்கடிகாரம் மூன்று காட்டும்போதே நீங்கள் ஏறியிருக்க வேண்டும். கைப்பேசி கரையில் இறங்கியதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். அதை நம்பினால் ஒரு மணி நேரம் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். சில கப்பல்கள் தங்கள் நேரத்தையே உள்ளூர் நேரத்துக்கு மாற்றி அறிவிப்பதும் உண்டு. அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் கப்பலின் அன்றாட அறிவிப்புத் தாளைப் பாருங்கள். அப்பாவின் கையில் ஒரு சாதாரண முள் கடிகாரத்தைக் கட்டி, கப்பல் நேரம் வைத்து, கடைசி நாள் வரை அதைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். கப்பலின் சுற்றுலாவில் போனால் இந்தக் கணக்கை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கூடுதல் பணத்தில் இதுவும் அடக்கம் என்று இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

15 மார்ச் 2025

கோபியிலிருந்து ஒரு அண்ணா, "கப்பலை விட்டுவிட்டால் அடுத்த துறைக்கு விமானத்தில் போய் ஏறிக்கொள்ளலாமே, இதற்கு ஏன் இவ்வளவு பயம்" என்று கேட்டிருக்கிறார். அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கப்பலில் வந்து அன்றே திரும்பும் பயணியை விசா கேட்காமல் இறங்கவிடும் நாடு, விமானத்தில் வந்து இறங்குகிறவரிடம் விசா கேட்கலாம். மெக்சிகோ செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் உள்ளே விடுகிறது. எல்லா நாடும் அப்படி இல்லை. ஆக உங்கள் பெற்றோர் கோசுமெலில் கப்பலை விட்டால், கேமனுக்குப் பறந்து போய்ப் பிடிப்பதைவிட நேராக மயாமிக்கே திரும்புவதுதான் நடக்கக்கூடியது. மீதிப் பயணம் அத்தோடு போயிற்று. அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழையக் கூடியதா என்பதை இப்போதே பாருங்கள். ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் கப்பலேறி வெளியே போய்விட்டு அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது.

பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துப் போங்கள் என்று மகளிடம் முன்பு சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கண்ணாடிக் காகித உறையைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. கப்பலின் சுற்றுலாவில் போனால் பெட்டகத்தில் இருக்கட்டும். தனியாகப் போகும் நாளில், தண்ணீர் புகாத சிறு உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கூடவே மருந்து மாத்திரை இரண்டு நாளைக்கு, ஒரு வங்கி அட்டை.

23 மார்ச் 2025

இதுவரை நான் எழுதியதைப் படித்தவர்கள், நான் கப்பல்காரர் பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைக்கக்கூடும். ஜமைக்காவைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் ஆகாது.

முதலில் கோஸ்டா மாயாவில் நடந்ததைச் சொல்கிறேன். சக்சோபென் என்ற மாயா கோயில்களுக்குக் கப்பலின் சுற்றுலாவில் போனோம். பேருந்தில் 48 பேர். சம்பந்தி ஐயாவுக்கு எழுபது வயது. அடிக்கடி ஒதுங்க வேண்டிய உடம்பு. போகும் வழியில் நிறுத்தச் சொல்ல அவருக்குக் கூச்சம். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. திரும்பும்போது ஒரு பொம்மைக் கடையில் முப்பது நிமிடம் நிறுத்தினார்கள். கோயிலில் நின்றதைவிடக் கடையில் நின்ற நேரம் எங்களுக்கு நீளமாகத் தெரிந்தது. வயதானவர்களுக்குக் கப்பலின் சுற்றுலாதான் பத்திரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கப்பலைப் பிடிப்பதில் பத்திரம்தான். நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரத்தில் அவர்கள் உடம்பு படும் பாடு அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஃபால்மவுத்தில் அதனால்தான் தனி வண்டி எடுத்தோம். முன்னதாகவே பேசி வைத்த ஓட்டுநர், வேனில் நாங்கள் ஏழு பேர். அங்கே வாடகைக்கு ஓட்ட உரிமம் பெற்ற வண்டிக்குச் சிவப்பு எண் பலகை இருக்கும். அது இல்லாத வண்டியில் ஏறாதீர்கள். நம் ஊர் போலவே சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். டன்ஸ் ரிவர் அருவிக்குப் போகலாம் என்று மருமகன் ஆசைப்பட்டார். அது ஓச்சோ ரியோஸ் பக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தவிர, கைகோத்துக்கொண்டு வழுக்குப் பாறைகளில் ஆற்றுக்குள்ளேயே மேலே ஏற வேண்டும். கொடிவேரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் காட்டுவதைப் போல என்று எண்ணிப் போனால் முழங்கால் போய்விடும். அதனால் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மார்த்தா பிரே ஆற்றுக்குப் போனோம். முப்பது அடி நீள மூங்கில் தெப்பத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் கழியால் ஊன்றிக்கொண்டே மூன்று மைல் இறக்கிவிடுகிறார். தண்ணீர் பச்சை நிறம், சத்தமே இல்லை. பவானி ஆற்றங்கரையில் பிறந்த எங்கள் வீட்டுக்காரர் பாதி வழியில் கழியைக் கேட்டு வாங்கி ஊன்றிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் சாலையோரத்தில் ஒரு தகரக் கூரைக் கடையில் நிறுத்தினார். சம்பந்தி ஐயாவுக்குப் பின்பக்கம் ஒதுங்க இடம் காட்டிவிட்டு, எங்களுக்குக் காலலூ என்று ஒரு கீரையைத் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்னார். வாயில் வைத்ததும் சம்பந்தியம்மா நிமிர்ந்து, "இது நம்ம குப்பைக்கீரையல்லங்க?" என்றார். அதேதான். வெங்காயம், தக்காளி, காரமான மிளகாய் போட்டு வதக்கியிருந்தார்கள். 1845இல் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து முதல் கப்பல் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் வந்து சேர்ந்ததையும், ஜமைக்கா முழுவதும் விரும்பிச் சாப்பிடும் ஆட்டுக்கறிக் குழம்பு அவர்கள் கொண்டு வந்த மசாலாவில் பிறந்தது என்பதையும் அந்த ஓட்டுநர்தான் சொன்னார். அவருடைய பாட்டியின் பாட்டி அப்படி வந்தவராம். எங்கள் முகத்தையும் பேச்சையும் பார்த்துத்தான் அவருக்கு அதைச் சொல்லத் தோன்றியது. 48 பேர் பேருந்தின் ஒலிபெருக்கியில் அந்தப் பேச்சு வந்திருக்காது.

கப்பல் கிளம்ப இரண்டரை மணி நேரம் இருக்கும்போதே துறைக்குத் திரும்பிவிட்டோம். அவ்வளவு முன்னதாக வந்தோம் என்பதால்தான் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2 ஏப்ரல் 2025

இணையத்தில் சுற்றுலா விற்கும் சில இடைத்தரகு நிறுவனங்கள் "கப்பலுக்குத் திரும்ப உத்தரவாதம்" என்று போட்டிருப்பதாகவும், அப்படியானால் கப்பலின் சுற்றுலாவுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்றும் அம்மணி கேட்டிருக்கிறார். அந்த உத்தரவாதத்துக்குக் கப்பல் கட்டுப்படாது. கப்பலை நீங்கள் விட்டுவிட்டால், அடுத்த துறைக்குப் போகும் செலவை அவர்கள் தருவார்கள் என்பதே அதன் பொருள். அந்தச் செலவைத் தந்தாலும் விசாவைத் தர முடியாது. 15ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படியுங்கள்.

கப்பலால் ஒரு துறைக்குள் வரவே முடியாமல் போனால் பணம் திரும்புமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் பெரில் புயல் ஜமைக்காவையும் கேமனையும் ஒட்டிப் போய் மெக்சிகோவின் யுகடானில் கரையேறியபோது கப்பல்கள் வழியை மாற்றிக்கொண்டன. அப்படி மாறினால் கப்பலின் சுற்றுலாக் கட்டணத்தைத் தாமாகவே திருப்பித் தந்துவிடுவார்கள். வெளியாளிடம் "கப்பல் வராவிட்டால் கட்டணம் இல்லை" என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரை விட்டுவிட்டு, இறங்கிய பிறகு வாங்கிக்கொள்பவரைத் தேடுங்கள்.

ரோவட்டானைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதத் தயங்கினேன். அங்கே தனி வேனில் தீவின் மேற்கு முனையில் இருக்கும் வெஸ்ட் பே கடற்கரைக்குப் போனோம். அரை மணி நேரத் தொலைவுதான், என் விதியின் இருபது நிமிடத்தைவிடச் சற்றே கூடுதல்; பயமில்லாத தொலைவு என்றுதான் நினைத்தேன். திரும்பும்போது டயர் பஞ்சராகிவிட்டது, மாற்று டயரிலும் காற்று இல்லை. தீவின் நெடுகப் போவது ஒரே முக்கியச் சாலை. அன்று இரண்டு கப்பல்கள் வந்திருந்ததால் அந்தச் சாலை நிறைய வண்டி. நம் திம்பம் மலைப்பாதையில் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் மேலும் கீழும் எப்படி நின்றுபோகுமோ அப்படி ஊர்ந்துகொண்டிருந்தது. போன டாக்ஸிகளில் எல்லாம் ஆட்கள். நாற்பது நிமிடம் வெயிலில் நின்றோம். சம்பந்தியம்மா வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மீன் ஏற்றும் ஒரு திறந்த வண்டிக்காரர் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். ஏறவேண்டிய கடைசி நேரத்துக்குப் பதினெட்டு நிமிடம் முன்னால் வந்து சேர்ந்தோம்.

இதை எழுதும்போது, 4ஆம் தேதி நான் சொன்ன "இருபது நிமிடத் தொலைவு என்றால் யாருடைய பொறுப்பும் தேவையில்லை" என்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது. தொலைவோடு இன்னொன்றையும் பாருங்கள்: எந்த நேரத்துக்குத் திரும்புவதாகத் திட்டம் என்பதை. ஜமைக்காவில் டயர் பஞ்சராகியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. ரோவட்டானில் ஒரு மணி நேரம் மட்டும் விட்டுவைத்துக் கிளம்பினோம். தனியாகப் போனால், சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக எங்கும் போகாதீர்கள்.

19 ஏப்ரல் 2025

சைவச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கப்பலின் நீண்ட சுற்றுலாக்களில் பொட்டலம் கொடுப்பார்கள். சைவம் என்று பதிவு செய்யும்போதே சொல்லி வைக்க வேண்டும். மெக்சிகோவில் தனியாகப் போனால் கவனம்: மசித்த பீன்ஸை வழக்கமாகப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், அதை மாண்டேக்கா என்பார்கள். "சின் கார்னே" என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் என்று பொருள், ஆனால் கோழியை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். ஆகவே கோழி, கொழுப்பு இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டுநர் கூட இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.

5 மே 2025

அம்மணி, உங்கள் தம்பி போட்ட திட்டத்தைப் படித்தேன். கோசுமெலில் கட்டணப் பலகை டாக்ஸியில் சான் கெர்வாசியோவும் ஒரு கடற்கரையும். ஃபால்மவுத்தில் தனி வேனில் மார்த்தா பிரே. கேமனில், கடலுக்குள் திருக்கைமீன்கள் கூடும் மணல்திட்டுக்கு மட்டும் கப்பலின் சுற்றுலா. கேமனுக்கு ஏன் அதிகப் பணம் என்று சென்னிமலைத் தம்பி மறுபடியும் கேட்கிறார். அங்கே டெண்டர், பிறகு வண்டி, பிறகு படகு என்று மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் டெண்டர் சீட்டுக்காகக் காத்து நிற்காமல் முதல் படகிலேயே இறங்கிவிடலாம் என்பதற்காகவே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். நாங்கள் அங்கே தனியாகப் போனோம். இன்னொரு முறை போனால் நானும் உங்கள் தம்பி செய்வதைத்தான் செய்வேன்.

அந்தத் திட்டில் தண்ணீர் இடுப்பளவுதான், அம்மா இறங்கலாம். முன்பு மீனவர்கள் பிடித்த மீனை அங்கே கழுவிச் சுத்தம் செய்யும்போது குடலைத் தின்ன வந்து பழகிய மீன்கள். ஆட்களைக் கண்டு விலகாமல் காலடியிலேயே சுற்றும். காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலில் தேய்த்தபடி நகரச் சொல்லுங்கள். தூக்கி வைத்தால் மணலுக்குள் கிடக்கும் திருக்கையை மிதித்துவிடக்கூடும். படகிலிருந்து தண்ணீருக்குள் இறங்க ஏணிதான், கைப்பிடி உண்டு. அம்மா முகத்தைத் திருப்பி ஏணியைப் பார்த்தபடி இறங்கட்டும். தம்பி முதலில் இறங்கிக் கீழே நின்றுகொள்ளட்டும்.

ஃபால்மவுத் வேன்காரரிடம் நேரம் பேசும்போது, "உங்க நேரமா, கப்பல் நேரமா?" என்று கேட்டு எழுதி வாங்கினீர்களா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.